வீட்டு மரத்து அத்திப்பழம் சப்பென்று இருக்கிறது: சுட்டுச் சமைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

பெருமாள்மலை மருமகள் | சனி, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து கோடைக்கானல் பக்கம் பெருமாள்மலைக்குக் குடிவந்து ஏழு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் நர்சரியில் ஒரு சீமை அத்திக் கன்று வாங்கிச் சமையலறைச் சுவரை ஒட்டி வைத்தேன். ஐந்து வருஷம் வெறும் இலை. போன வருஷம் ஏழே ஏழு காய், அதையும் அணில் தின்றது. இந்த வருஷம் கிளைக்குக் கிளை தொங்குகிறது. நேற்று மட்டும் இரண்டு கிலோ பறித்தேன்.

பார்க்க அழகுதான். கருஞ்சிவப்புத் தோல், உள்ளே ரோஸ் நிறம். வாயில் போட்டால் வெள்ளரிக்காயில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது. என் மாமியார் ஒன்றைக் கடித்துவிட்டு, "இதுக்கா ஏழு வருஷம் தண்ணி ஊத்துனே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அத்திப்பழத்தைச் சுட்டால் ருசி கூடும் என்று யூடியூபில் பார்த்தேன். ஆனால் அவர்கள் ஊற்றுகிற வினிகரும் தூவுகிற இலையும் நம் வீட்டில் இல்லை. இருக்கிற சாமானை வைத்து இனிப்பாகவோ காரமாகவோ ஏதாவது செய்ய வழி சொல்லுங்கள். ஓடிஜி அவன் இருக்கிறது. கரண்ட் இருக்குமா என்பது வேறு விஷயம்.

---

வத்தலக்குண்டு வெற்றிலை | சனி, காலை 8.02

தங்கச்சி, சமையலுக்கு முன்னால் பறிப்பைப் பார்ப்போம். அத்தி, வாழை மாதிரி இல்லை. காயாகப் பறித்து வைக்கோலில் மூடினாலும் இனிக்காது. மரத்தில் என்ன சர்க்கரை ஏறியதோ அவ்வளவுதான். நிறம் மாறியதும் பறித்துவிடுகிறோம், அங்கேதான் தப்பு. கழுத்து வாடி, பழம் தலை குனிந்து தொங்க வேண்டும். தொட்டால் காது மடல் மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். பறித்த காம்பில் பால் கொட்டினால் இன்னும் இரண்டு நாள் விட்டிருக்கலாம் என்று அர்த்தம்.

இரண்டாவது, கோடை மழை. பழம் திரளும் நேரத்தில் மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சப்பென்று போகும், சிலது வெடித்துப் புளிக்கும். அத்தி வறண்ட சூட்டுக்குப் பிறந்த மரம். புனே பக்கத்தில் புரந்தரில் பேர்போன அத்தி விளைகிறது. அங்கேயே மழைக்காலத்துக் காய்ப்பைப் புளிப்புப் பருவம் என்றும், கோடைக் காய்ப்பை இனிப்புப் பருவம் என்றும் பிரித்துத்தான் பேசுவார்கள். பனிமூட்டத்தில் வைத்துக்கொண்டு நாம் புனே இனிப்பை எதிர்பார்க்க முடியாது. நீ சுவரை ஒட்டி வைத்தது நல்லது. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கும். பழம் திரண்டபின் தண்ணீரைக் குறை.

பறிக்கும்போது கையில் பால் பட்டால் கழுவிவிட்டு வெயிலுக்குப் போ. அத்திப்பாலோடு வெயிலும் சேர்ந்தால் தோல் கொப்பளிக்கும். எனக்கு நடந்திருக்கிறது.

---

குன்னூர் பேக்கரிக்காரன் | சனி, காலை 9.45

ஐயா சொன்னது சரி. பறித்த இரண்டு கிலோவுக்கு நான் வழி சொல்கிறேன். சப்பென்ற அத்திக்குச் சூட்டை விட நல்ல மருந்து இல்லை. நல்ல அத்தியை நான் சுடவே மாட்டேன், அப்படியே தின்றுவிடுவேன்.

சுடும்போது மூன்று காரியம் நடக்கிறது. தண்ணீர் வெளியேறி, இருக்கிற இனிப்பு திரள்கிறது. அத்தியில் இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், நம் வெள்ளைச் சர்க்கரைக்கு 160 வேண்டும். அதனால் அத்தி சீக்கிரம் கருகி ஒரு தேன்பாகு வாசனை வரும். மூன்றாவது, அந்தப் பச்சைப்பால் நெடி போய்விடும்.

முறை: கழுவித் துடைக்கவும். துடைப்பது முக்கியம், ஈரமாக வைத்தால் பழம் வேகும், சுடாது. காம்பை நறுக்கி, மேலிருந்து சிலுவை மாதிரி முக்கால்வாசி ஆழம் கீறி, அடியை அமுக்கினால் பூ மாதிரி விரியும். ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் நெய், ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக்கென்றாலும் உப்புப் போட வேண்டும், விட்டுவிடாதீர்கள். அவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி 15 நிமிஷம். தண்ணியான பழம் என்பதால் உங்களுக்கு 20 கூட ஆகலாம். தட்டில் சாறு இறங்கி, ஓரத்தில் பாகாகக் குமிழ் விடும்போது எடுக்கவும். அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டால் பாதி ருசியைக் கொட்டியதாக அர்த்தம்.

பழத்தை நெருக்கி அடுக்காதீர்கள். என் முதல் தட்டில் முப்பது பழத்தை அடைத்தேன், கடைசியில் வந்தது அத்திக் கஞ்சி.

---

பழனி அடிவாரம் | சனி, காலை 10.20

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பழத்தைச் சுட்டுத் தின்பது என்ன பழக்கமோ. நாவல் பழத்தை வேண்டுமானால் முருகன் சுடச்சுடக் கொடுத்தார், அதுவும் மண் ஒட்டியதால் ஊதினதுதான்.

---

கோத்தகிரி சாமை | சனி, காலை 11.05

அடிவாரம் அண்ணே, அந்தப் பழமொழி நாட்டு அத்திக்கு. அடிமரத்தில் கொத்துக்கொத்தாகக் காய்க்குமே, அது. அதன் பிஞ்சைப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்போம், பழத்தைப் பிளந்தால் பூச்சி பறக்கும். இவர்கள் கேட்பது சீமை அத்தி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு மரம்.

மருமகள் தங்கச்சி, கரண்ட் இல்லாவிட்டால் இரும்புத் தோசைக்கல் போதும். பழத்தை இரண்டாகப் பிளந்து, கல் நன்றாகக் காய்ந்ததும் நெய் தடவி வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைக்கவும். மூன்று நிமிஷம் தொடக்கூடாது. தொட்டால் சதை கல்லோடு போய்விடும். தானாகக் கல்லை விடும்போது திருப்பி ஒரு நிமிஷம். எங்கள் வீட்டில் குளிருக்கு மூட்டுகிற விறகடுப்பில், தணல் அடங்கியபின் முழுப்பழத்தைச் சாம்பலில் புதைத்தும் சுட்டிருக்கிறோம். தோலை உரித்துவிட்டுத் தின்ன வேண்டும். புகை வாசனையோடு அது தனி ருசி. ஓடிஜி அவனில் சுட்டது அதன் பக்கத்தில் வர முடியாது, பேக்கரித் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

---

குன்னூர் பேக்கரிக்காரன் | சனி, காலை 11.12

கோபமில்லை அக்கா. பொறாமைதான்.

---

பெருமாள்மலை மருமகள் | ஞாயிறு, மாலை 6.30

இரண்டு செய்தி. நல்லது முதலில்: தோசைக்கல்லில் சுட்டது அபாரம். அதே பழமா என்று இருந்தது. நானும் பையனும் அடுப்படியிலேயே நின்று பன்னிரண்டு பழத்தைத் தின்றோம்.

கெட்டது: அந்த உற்சாகத்தில் இன்று சேமியா பாயசம் வைத்தேன். மிச்சமிருந்த பழத்தைச் சுடப் பொறுமையில்லாமல், பச்சையாகவே மிக்சியில் அரைத்து வெதுவெதுப்பான பாலில் ஊற்றிவிட்டேன். பத்து நிமிஷத்தில் மொத்தமும் திரிந்து போனது. ஒரு லிட்டர் பால்! பால்காரரைச் சந்தேகப்பட்டுப் போன் வேறு செய்துவிட்டேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

---

குன்னூர் பேக்கரிக்காரன் | ஞாயிறு, மாலை 7.15

பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். குற்றவாளி அத்திதான். அத்திப்பாலில் ஃபிசின் என்றொரு நொதி இருக்கிறது. பப்பாளிப் பாலில் பப்பைன் இருக்கிறதே, அதற்கு இது பங்காளி. புரதத்தை அறுப்பதுதான் இதன் வேலை. பழங்காலத்துக் கிரேக்கர்கள் பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்ய அத்திப்பாலைத்தான் விட்டார்கள். நீங்கள் தெரியாமல் அதையே செய்திருக்கிறீர்கள். அதிலும் வெதுவெதுப்பு அதற்குப் பிடித்த சூடு. சரியாகப் பழுக்காத பழத்தில் பால் அதிகம், அதனால் இன்னும் வேகமாகத் திரியும்.

நன்றாகச் சூடேறினால் நொதி செத்துவிடும். பழத்தின் நடுவரை சூடு போகும்படி சுட்டு, ஆறவைத்து, பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கியபின் கலந்தால் திரியாது. ஜெலட்டின் போட்டு ஜெல்லி செய்கிறவர்களுக்கும் இதே கதைதான், பச்சை அத்தி போட்டால் உறையாது.

திரிந்ததைக் கொட்டிவிட்டீர்களா? வடிகட்டி, சர்க்கரை போட்டுக் கிளறியிருந்தால் திரட்டுப்பால் மாதிரி ஒன்று வந்திருக்கும். சேமியா எதற்கு என்று யாராவது கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

கோத்தகிரி சாமை | ஞாயிறு, இரவு 8.40

மாமியாரைச் சரிக்கட்ட இதைச் செய்து கொடுங்கள். பசும்பாலே வேண்டாம், தேங்காய்ப்பால்.

சாமை அரை கப், நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்றாம் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைக்கவும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமே தவிர தானியம் சீக்கிரம் வேகாது. அதனால் குக்கரே நல்லது. முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவிட்டு, இரண்டாம் பாலும் சேர்க்கவும். இறக்கி வைத்து முதல் பால். முதல் பால் விட்டபின் கொதிக்கவிட்டால் அதுவும் திரியும், அப்போது அத்தியைப் பழி சொல்லக்கூடாது. எட்டுப் பழத்தைக் கல்லில் சுட்டு, நான்கை மசித்து உள்ளே கலந்து, நான்கை மேலே வைக்கவும். ஏலக்காய் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் அத்தி வாசம் தெரியாது. முந்திரி வேண்டாம், அத்தி விதையே பல்லில் நறநறக்கும், அது போதும்.

அத்தி இலை இருந்தால் ஒன்றைத் தணலில் லேசாக வாட்டி, பாயசத்தில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துவிடுங்கள். தேங்காய் வாசம் இரண்டு மடங்காகும். காரணம் எனக்குத் தெரியும் என்று பொய் சொல்ல மாட்டேன், செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

---

பூம்பாறைப் பூண்டு | திங்கள், காலை 6.50

எல்லோரும் இனிப்பையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சுட்ட அத்திக்குச் சரியான ஜோடி மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் தோட்டத்தில் விளைவதற்காகவும் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). இந்தப் பூண்டின் காரத்துக்கு முன்னால் சாதாரண இனிப்பு நிற்காது, சுட்ட அத்தி நிற்கும்.

அத்திப் பூண்டுத் தொக்கு: பழம் அரைக் கிலோ, சுட்டது. பூண்டு உரித்தது 100 கிராம். காய்ந்த மிளகாய் 8, வெந்தயம் அரை டீஸ்பூன், இரண்டையும் வறுத்துப் பொடிக்கவும். புளி பெரிய நெல்லிக்காய் அளவு, கெட்டியாகக் கரைக்கவும். நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி தாராளமாக. எண்ணெயில் கடுகு, பெருங்காயம், பிறகு பூண்டு. சிறு தீயில் பொன்னிறமாகும்வரை பத்து நிமிஷம் விடவும். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். புளிக்கரைசல், உப்பு, பொடி போட்டுப் பச்சை வாசனை போனதும் கடைசியில்தான் அத்தி. முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும். தட்டில் இறங்கிய சாற்றையும் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளறி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து இறக்கவும்.

தயிர் சாதம், தோசை, கேப்பைக்களி, எதற்கும் ஆகும். நான் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் தொட்டுக்கொள்வேன்.

---

பழனி அடிவாரம் | திங்கள், காலை 7.30

பழத்தில் பூண்டா! அடுத்து மாம்பழத்தில் கருவாடு போடச் சொல்வீர்கள்.

---

தாண்டிக்குடி டிகாஷன் | திங்கள், காலை 7.41

அண்ணே, மாங்காயில் கருவாடு போடுவது எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கிறது :)

நான் அசைவப் பக்கம். முற்றல் ஆட்டுக்கறிக்குப் பச்சைப் பப்பாளி தடவுவோம் இல்லையா, அத்தியும் அந்த வேலை செய்யும் என்பது பேக்கரிக்காரர் எழுதியதிலிருந்தே தெரியும். அரைக்கிலோ கறிக்குப் பாதி பழுத்த அத்தி ஒன்று, அரைத்துப் பிசறி, அரை மணி நேரம். அதற்கு மேல் வைக்காதீர்கள். நான் ஒருமுறை இரவு முழுக்க வைத்துவிட்டேன், மறுநாள் கறி களிமண் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் வழக்கமான மிளகுச் சுக்காதான். சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, சீரகம், மிளகு. தக்காளியே போடாதீர்கள். கறி சுருண்டு வரும்போது சுட்ட அத்தி ஆறு, நான்காகக் கிழித்துப் போட்டு இரண்டு பிரட்டு. மிளகின் காரத்துக்கு நடுவில் திடீரென்று ஒரு இனிப்பு வரும். கல்யாண வீட்டுப் பிரியாணியில் பேரீச்சம்பழம் அகப்பட்ட மாதிரி இருக்கும், ஆனால் அவ்வளவு திகட்டாது.

மரம் இல்லாதவர்களுக்கு: உலர் அத்தியை அப்படியே சுடாதீர்கள், நொடியில் கருகிக் கசக்கும். நான் சூடான காப்பி டிகாஷனில் இருபது நிமிஷம் ஊறவைத்து, துடைத்து, நெய்யில் இரண்டு நிமிஷம் புரட்டுவேன். ஊறிய டிகாஷனைக் குடித்துவிடலாம், சர்க்கரை போட வேண்டியதில்லை.

---

சைவப்பூனை | திங்கள், காலை 10.15

ஒரு சந்தேகம். அத்திப்பழத்துக்குள் குளவி செத்துக் கிடக்கும், அதனால் அது சைவம் இல்லை என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? வீட்டில் அம்மா விரதம் இருப்பவர்.

---

வத்தலக்குண்டு வெற்றிலை | திங்கள், பகல் 12.40

பாதி உண்மை. அத்தி பூக்காமல் காய்ப்பதில்லை. பூ முழுக்க உள்ளே இருக்கிறது, நாம் பழம் என்று தின்பதே உள்புறம் மடங்கிய பூங்கொத்துதான். அதனால்தான் காணக் கிடைக்காததை அத்தி பூத்தாற்போல என்கிறோம். உள்ளே போய் மகரந்தம் சேர்க்க ஒரு குட்டிக் குளவி வேண்டும். நாட்டு அத்தியில் பூச்சி பறப்பது அதனால்தான். துருக்கியில் இஸ்மிர் பக்கத்து உலர் அத்தி வகைகளுக்கும் குளவி தேவை.

ஆனால் நம் ஊர்களில் நடுகிற புனே அத்தி, பிரவுன் டர்க்கி போன்றவை மகரந்தமே இல்லாமல் காய்க்கிற வகை. குளவிக்கு அங்கே வேலை இல்லை. அம்மாவிடம் தைரியமாகக் கொடுங்கள். மரத்தில் வெடித்த பழத்தை மட்டும் பிளந்து பார்த்துவிட்டுச் சமைக்கவும், அதில் எறும்பும் ஈயும் புகுந்திருக்கும். அது சைவம் அசைவம் பிரச்சினை இல்லை, எறும்புப் பிரச்சினை.

---

சர்க்கரை 240 | திங்கள், மாலை 4.05

என் பெயரிலேயே விவரம் இருக்கிறது. சுட்டால் இனிப்பு கூடுகிறது என்கிறீர்கள். எனக்கு எத்தனை பழம் ஆகும்?

---

கோத்தகிரி சாமை | திங்கள், மாலை 5.20

எத்தனை என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். பச்சைப் பழம் 100 கிராமில் சர்க்கரை சுமார் 16 கிராம். உலர்ந்தது 100 கிராமில் 48 கிராம் பக்கம். சுடும்போது சர்க்கரை புதிதாக முளைப்பதில்லை, தண்ணீர்தான் போகிறது. அதனால் எடை போட்டுப் பார்க்காமல் பழத்தை எண்ணுங்கள். இரண்டு பழம் சுட்டாலும் இரண்டு பழம்தான். சிக்கல் என்னவென்றால் சுட்டது சின்னதாகச் சுருங்கிவிடும், நான்கைந்து உள்ளே போனது தெரியாது. அத்தியால் சர்க்கரை குறையும் என்று சொல்லி உலர் அத்தி விற்பவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

---

பூம்பாறைப் பூண்டு | திங்கள், இரவு 9.10

நேற்று வீட்டில் ஒரு சோதனை. மலைவாழைப்பழம் ஆறு, சுட்ட அத்தி ஆறு, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். பிசைந்து வைத்தேன். அத்திப் பஞ்சாமிர்தம்! பிள்ளைகள் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டார்கள்.

---

பழனி அடிவாரம் | திங்கள், இரவு 9.25

தம்பி, தொக்கு வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். இது கூடாது. பஞ்சாமிர்தம் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விருப்பாட்சி மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், கூடப் பேரீச்சையும் கற்கண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது, அடுப்பில் ஏறாது. அதனால்தான் கெடாமல் இருக்கிறது. அதற்கும் 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்கள் பூண்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த மலைவாழையே முடிக்கொத்து நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்து, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் படாதபாடு படுகிறார்கள். இருக்கிற கொஞ்சத்தில் அத்தியைப் பிசைந்து பெயரை வேறு எடுத்துக்கொண்டால் எப்படி?

பிசையுங்கள், தின்னுங்கள், வேறு பெயர் வையுங்கள்.

---

பூம்பாறைப் பூண்டு | திங்கள், இரவு 9.31

சரி அண்ணே. 'அத்திப் பிசைசல்' என்று மாற்றிவிட்டேன். தண்ணியான அத்தி சேர்ந்ததால் அது இரண்டாம் நாளே புளித்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

---

குன்னூர் பேக்கரிக்காரன் | செவ்வாய், காலை 6.15

கெடுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அத்தியில் புளிப்பு ரொம்பக் குறைவு. ஜாம் காய்ச்சுகிறவர்கள் கிலோவுக்கு இரண்டு எலுமிச்சைச் சாறாவது விடவும். ருசிக்கு மட்டுமல்ல, கெடாமல் இருக்கவும்தான். பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற எதையும் வெளியே வைத்து வாரக்கணக்கில் சாப்பிடக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அது சொகுசு வீடு, மணமும் நிறமும் மாறாமலே விஷமாகும். அந்தத் தொக்கை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள். மலையில்தான் குளிருகிறதே என்று சமையல் மேடையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, தெர்மாமீட்டர். கீழ்நாட்டுச் சமையல் குறிப்பில் ஜாமுக்கு 105 டிகிரி என்று இருக்கும். கோடைக்கானல் 2100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 105 வரும்வரை காய்ச்சினால் ஜாம் இல்லை, கமர்கட்டுதான் கிடைக்கும். 98 பக்கம் வந்ததும் இறக்குங்கள். பெருமாள்மலை அதற்குக் கீழே, ஒன்றிரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டி செய்த மாதிரி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம்.

கடையில் நான் விற்பது ஒன்றே ஒன்று. வர்க்கியைப் பாதியாக உடைத்து, மேலே கோடைக்கானல் சீஸ் ஒரு துண்டு, சுட்ட அத்தி பாதி, கரகரப்பாக இடித்த மிளகு. இரண்டு நிமிஷம் அவனில் காட்டி எடுப்பது. வர்க்கி நொறுங்கிச் சட்டையெல்லாம் கொட்டும், வாடிக்கையாளர் திட்டுவார், மறுநாள் திரும்ப வருவார். சீஸ் உப்பாக இருக்க வேண்டும். உப்பில்லாத பனீரில் செய்து பார்த்தேன், மாமியார் இல்லாமலே முகம் சுளிக்க வைத்தது.

---

தாண்டிக்குடி டிகாஷன் | செவ்வாய், காலை 6.40

என் தட்டில் அதே கூட்டு பட்டர் ஃப்ரூட்டோடு. சீஸுக்குப் பதில் பட்டர் ஃப்ரூட், எலுமிச்சை, உப்பு, பச்சைமிளகாய், மேலே சுட்ட அத்தி. தோட்டத்தில் இரண்டும் இலவசம் என்பதால் நானாகக் கண்டுபிடித்தது. சூடான அத்தியை வைக்காதீர்கள், பட்டர் ஃப்ரூட் சூடுபட்டால் கசக்கும்.

---

பெருமாள்மலை மருமகள் | அடுத்த ஞாயிறு, மாலை 5.50

ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், மூன்று நாள் கரண்ட் இல்லை. அத்தனையும் தோசைக்கல்லில்தான் நடந்தது.

வெற்றிலை ஐயா சொன்னபடி தலை குனிந்த பழத்தை மட்டும் பறித்தேன். நாளைக்கு ஆறேழுதான் கிடைக்கிறது, ஆனால் சுடாமலே தின்னலாம் போல இருக்கிறது. வெள்ளை வலை வாங்கி மூடிவிட்டேன். அணில் வலைமேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

சாமைப் பாயசம் வந்துவிட்டது. அத்தி இலை போட்டேன், உண்மையாகவே தேங்காய் வாசம்! மாமியார் முதல் கரண்டிக்குப் பிறகு, "வெல்லம் கம்மி" என்றார். அப்புறம் இரண்டாவது கிண்ணம் கேட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் பாராட்டு.

ஆனால் நிஜமான வெற்றி தொக்குதான். மலைப்பூண்டை உரித்தே விரல் எரிந்தது. செய்து வைத்த புதன்கிழமை யாரும் தொடவில்லை. வியாழக்கிழமை தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பாட்டில் காலி. மதுரையில் இருக்கும் நாத்தனாருக்கு ஒரு பாட்டில் பஸ்ஸில் கொடுத்துவிட முடியுமா என்று மாமியார் கேட்கிறார். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று பயமாக இருக்கிறது. நான்கு மணி நேரப் பயணம், அனுப்பலாமா?

---

குன்னூர் பேக்கரிக்காரன் | ஞாயிறு, மாலை 6.20

முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் பையோடு அனுப்புங்கள். நாத்தனார் வாங்கியதும் அவர் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அவர் தொக்கைச் சமையல் மேடையில் வைத்துப் பேச ஆரம்பிக்கிற ரகம் என்றால் அனுப்பாதீர்கள், பழத்தைக் கொடுத்துவிட்டுச் செய்முறையைச் சொல்லுங்கள்.

---

பழனி அடிவாரம் | ஞாயிறு, இரவு 9.05

பூம்பாறைத் தம்பி, அந்தத் தொக்கில் "கொஞ்சம் வெல்லம்" என்று போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? வீட்டில் கேட்கிறார்கள்.

---

பூம்பாறைப் பூண்டு | ஞாயிறு, இரவு 9.07

அரைக் கிலோ பழத்துக்கு ஒரு சின்ன எலுமிச்சை அளவு, அண்ணே. பழம் நன்றாக இனித்தால் அதில் பாதி. பூண்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், இந்த வாரம் பழனி பக்கம்தான் வருகிறேன்.